தெரியும், முடியும், இருக்கும்

அக்கா மகள் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு மெக்ஸிகோவில் ஒரு வாடிக்கையாளர். அதற்காக ஆறு மாதமாக ஆன்லைனில் ஸ்பானிஷ் வகுப்பு. நோட்டில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்: 'புவேதோ நதார்'. தனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்ல நினைத்து எழுதியது.

“மாமா, கேன்னா போதேர்தானே? ஐ கேன் ஸ்விம், புவேதோ நதார். இதுல என்ன தப்பு?”

அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. “அதைத் தமிழ்ல சொல்லு பார்ப்போம்” என்றேன்.

“எனக்கு நீந்தத் தெரியும்.”

“என்னால நீந்த முடியும்னு ஏன் சொல்லல?”

கொஞ்சம் யோசித்தாள். “அது வேற மாமா. கைல கட்டுப் போட்டிருந்தா முடியாது. ஆனா அப்பவும் தெரியும்.”

வாத்தியாரின் சிவப்பு வட்டத்துக்கு உள்ளே இருந்தது இதுதான். கற்றுக்கொண்ட திறமையைச் சொல்ல ஸ்பானிஷ் 'ஸபேர்' என்ற வினையை எடுக்கிறது. அதன் நேர்ப் பொருள் 'அறிதல்'. 'ஸே நதார்' என்றால் நீந்தத் தெரியும். உடம்பும் சூழ்நிலையும் இடம் கொடுக்கிறதா என்பதற்குத்தான் 'போதேர்'. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம்: 'ஸே நதார், பேரோ ஓய் நோ புவேதோ'. நீந்தத் தெரியும், ஆனால் இன்றைக்கு முடியாது. நாம் தெரியும், முடியும் என்று எங்கே வெட்டுகிறோமோ அதே கணுவில்தான் ஸ்பானிஷ்காரரும் வெட்டுகிறார். நடுவில் வந்த ஆங்கிலம்தான் இரண்டையும் 'கேன்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகள் ஸ்பானிஷுக்கு அந்தச் சாக்கைச் சுமந்துகொண்டு போவானேன் என்பதுதான் எனக்குப் பல வருடமாக உள்ள ஆற்றாமை. வர்த்தகக் கடிதங்களை மொழிபெயர்த்துக் காலம் தள்ளியவன் நான். அந்தச் சாக்கை நானும் ரொம்ப நாள் சுமந்திருக்கிறேன்.

இலத்தீனில் 'ஸாப்பெரே' என்றால் முதலில் ருசித்தல். ருசி அறிதல் என்பதிலிருந்து அறிதல் என்று பொருள் வளர்ந்தது. ஸ்பானிஷ் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. 'ஸாபே நதார்' என்றால் அவனுக்கு நீந்தத் தெரியும். 'ஸாபே ஆ ஆஹோ' என்றால் பூண்டு ருசி அடிக்கிறது. கஸ்தீயா பகுதியின் பூண்டு சூப்பைப் பற்றிச் சொல்வதற்கும் நீச்சல்காரனைப் பற்றிச் சொல்வதற்கும் ஒரே வினைதான்.

போதேரின் வடிவங்களில் ஒரு சின்னக் குழப்பம் வரும், அதை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழில் 'முடியும்' அசைவதில்லை. என்னால், உன்னால், அவர்களால் என்று ஆளைத்தான் மாற்றுகிறோம். ஸ்பானிஷில் ஆள் வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறார்: புவேதோ, புவேதெஸ், புவேதே, போதேமோஸ், புவேதென். வாலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது நமக்குப் புதிதில்லை. 'வருகிறேன்' என்றால் 'நான்' எதற்கு? நடுவில் 'போ' ஏன் 'புவே' ஆகிறது என்றால், குரலின் அழுத்தம் அந்த அசையில் விழும்போது அது உடைகிறது. போதேமோஸில் அழுத்தம் 'தே'யில் விழுவதால் 'போ' தப்பித்துக்கொள்கிறது. இந்த 'த'வை உச்சரிக்கத் தமிழருக்குச் சொல்லித்தரவே வேண்டாம். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ஸ்பானிஷ் 'த', நாம் 'பாதை' என்பதில் சொல்லும் அதே மெத்தென்ற ஒலி.

டீயை வடிகட்டும்போது அவளிடம் இன்னொன்று கேட்டேன். “மெக்ஸிகோக்காரங்களோட மீட்டிங்ல சத்தம் வரலைன்னா என்ன சொல்வே?”

“நோ புவேதோ...” என்று ஆரம்பித்தாள்.

“தமிழ்ல என்ன சொல்வே?”

“கேக்கலை.”

அவர்களும் அதையேதான் சொல்வார்கள். 'நோ தே ஓய்கோ', அதாவது நீ சொல்வது கேட்கவில்லை. மெக்ஸிகோவில் 'நோ தே எஸ்கூச்சோ' என்றும் அடிக்கடி காதில் விழும். அங்கே போதேருக்கு வேலையே இல்லை. 'நோ வேயோ நாதா' என்றால் ஒன்றும் தெரியவில்லை. கண்ணும் காதும் தங்கள் வேலையைச் செய்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதற்கு 'முடியும்' என்ற துணை எதற்கு? கேட்க முடியவில்லை, பார்க்க முடியவில்லை என்று நாமும் சொல்வதுண்டு. ஆனால் அதற்கு வேறு கனம். பொறுக்க முடியாத பாட்டையும் கோரமான விபத்தையும் பற்றியல்லவா அப்படிச் சொல்வோம்!

காபிக்கடையிலும் இதே கதைதான். ஆங்கில வழியில் போனால் 'ஒரு காபி என்னால் கொள்ள முடியுமா' என்பதுபோல ஒரு வாக்கியம் வரும்; கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார். மாத்ரித்தில் கவுண்டருக்கு முன்னால் நின்று சொல்வது 'மே போனே உன் காஃபே?' போனேர் என்றால் வைத்தல், போடுதல். எனக்கு ஒரு காபி போடுறீங்களா? நம் டீக்கடையில் நிற்பதற்கும் அங்கே நிற்பதற்கும் ஒரு சொல் கூடக் குறைச்சல் இல்லை.

இனி இறந்தகாலம். ஸ்பானிஷ் மாணவர்கள் கண்ணீர் விடும் இடம் இது. போதேருக்கு இரண்டு இறந்தகாலங்கள் உண்டு: பூதே, போதீயா. புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும். நமக்கு ஒரு கதவு போதும். 'பூதே அப்ரீர் லா புவெர்த்தா' என்றால் கதவைத் திறக்க முடிந்தது. கதவு திறந்தும்விட்டது, காரியம் நடந்தது. 'போதீயா அப்ரீர் லா புவெர்த்தா' என்றால் திறக்கும் வசதி என்னிடம் இருந்தது, சாவி கையில் இருந்தது. திறந்தேனா இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை.

தமிழ்ச் சொல்லை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முடி என்றால் நிறைவேறு. வேலை முடிந்தது, கல்யாணம் முடிந்தது. 'திறக்க முடிந்தது' என்னும்போது அந்த நிறைவு உள்ளேயே இருக்கிறது. திறக்காமல் விட்டவன் 'திறக்க முடிந்தது' என்று சொல்ல மாட்டான். பூதே என்ற ஈரெழுத்துக்குள் இருப்பதும் அந்த நிறைவுதான். எதிர்மறையிலும் அப்படியே: 'நோ பூதே' என்றால் முட்டிப் பார்த்தேன், முடியவில்லை. 'நோ போதீயா' என்றால் முடியாத நிலையில் இருந்தேன். முட்டினேனா என்பது வேறு விஷயம்.

போதீயாவுக்குத் தமிழில் என்ன என்று அவள் கேட்டாள். நானும் ஒரு காலத்தில் இதில் தடுமாறியவன்தான். பதில் நம் வாயில் தினமும் இருக்கிறது. “சின்ன வயசுல என்னால ஒரே மூச்சுல குளத்தைக் கடக்க முடியும்” என்று ஒரு தாத்தா சொன்னால், அது எந்தக் காலம்? 'முடியும்' என்பதைப் பள்ளி இலக்கணம் எதிர்காலம் என்னும். தாத்தா பேசுவதோ அறுபது வருடத்துக்கு முந்தைய குளத்தைப் பற்றி. பழைய நாட்களில் வழக்கமாக இருந்ததை நாம் இந்த வடிவத்தில்தான் சொல்கிறோம்: தினமும் ஆற்றுக்குப் போவோம், பாட்டி கதை சொல்வாள். ஸ்பானிஷ் அதற்கென்றே ஒரு இறந்தகாலத்தைத் தனியாக வைத்திருக்கிறது. அந்தத் தாத்தாவின் 'முடியும்'தான் போதீயா.

ஸபேரும் இப்படியே இரண்டாகப் பிரியும். 'ஸூப்பே' என்றால் தெரியவந்தது. அந்தக் கணத்தில் சேதி காதுக்கு எட்டியது. 'லோ ஸபீயா' என்றால் எனக்கு அப்பவே தெரியும். இதுவும் ஒரு பழைய 'தெரியும்'. கிரிக்கெட்டில் ஆட்டம் போன பிறகு மாமாக்கள் எல்லோரும் சொல்வது இதுதான். கால்பந்தில் தோற்ற பிறகு ஸ்பெயின் மாமாக்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அப்போது காலிங் பெல் அடித்தது. அவள் எழுந்துகொண்டே, “யாரா இருக்கும்?” என்றாள்.

கூரியர்காரர். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் அடுத்த பாடம் தானாக வந்து சேர்ந்திருந்தது. என்னைக் கேட்டால் தமிழும் ஸ்பானிஷும் தோளில் கைபோட்டுக்கொள்ளும் இடம் இதுதான்.

“இப்ப என்ன சொன்னே?”

“யாரா இருக்கும்னு.”

“வாசல்ல நிக்கறவர் இப்ப நிக்கறாரா, நாளைக்கா?”

சிரித்தாள். ஆள் இந்தக் கணத்தில் நிற்கிறார், வினை மட்டும் எதிர்காலத்தில் நிற்கிறது. ஸ்பெயினில் கதவு தட்டினால் உள்ளே இருப்பவர் சொல்வது 'கியேன் ஸெரா?' கியேன் என்றால் யார். ஸெரா என்பது இருத்தல் வினையின் எதிர்காலம். யாராக இருக்கும்? பதிலும் அதே அச்சு: 'ஸெரா எல் கர்த்தேரோ', தபால்காரராக இருக்கும். கடிகாரம் பக்கத்தில் இல்லாதபோது மணி கேட்டால் 'ஸெரான் லாஸ் த்ரேஸ்', மணி மூணு இருக்கும். 'எஸ்தாரா என் காஸா', வீட்டில் இருப்பான். 'ஆப்ரா ஸாலீதோ', கிளம்பியிருப்பான். வாக்கியத்தின் மேல் வாக்கியத்தை வைத்தால் ஓரம் பிசகாமல் பொருந்துகிறது.

நேற்றைய ஊகத்துக்கு ஸ்பானிஷ் இன்னொரு வடிவத்துக்கு நகர்கிறது: 'ஸெரீயான் லாஸ் த்ரேஸ்'. அப்போது மணி மூணு இருந்திருக்கும். நாம் 'இரு'வை இன்னொரு தடவை உள்ளே செருகுகிறோம், அவர்கள் 'ஸெரான்' என்பதை 'ஸெரீயான்' ஆக்குகிறார்கள்.

பல பாடப்புத்தகங்களில் இந்த ஊக எதிர்காலம் கடைசி அத்தியாயங்களில் ஒளிந்திருக்கும், ஏதோ மேல்வகுப்புச் சமாச்சாரம்போல. ஆங்கிலத்தில் யோசிப்பவர்களுக்கு அது மேல்வகுப்புதான். தமிழ்ப் பிள்ளைக்கு முதல் மாதமே சொல்லித்தரலாம். அதுவும் லத்தீன் அமெரிக்காவில் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லப் பெரும்பாலும் 'போய்' என்னும் துணைவினையைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். 'போய் ஆ வெனீர்' என்றால் வரப்போகிறேன். அசலான எதிர்கால வடிவத்துக்குப் பேச்சில் மிஞ்சியிருக்கும் முக்கிய வேலை ஊகிப்பதுதான்.

இவ்வளவு தூரம் இறக்கம். இனி ஒரு மேடு இருக்கிறது.

“அவன் வரலாம்” என்பதை எப்படிச் சொல்வது? வரலாம் என்பது வரல், ஆம் என்ற இரண்டும் ஒட்டியது. வருதல் ஆகும், நடக்கக்கூடியது. ஸ்பானிஷில் 'புவேதே கே வேங்கா'. புவேதே நமக்குத் தெரிந்தது. வேங்காதான் புதிது. வருகிறான் என்பது 'வியேனே'. அது ஏன் வேங்கா ஆனது?

நடந்தது, நடக்கிறது என்று அடித்துச் சொல்வதற்கு ஸ்பானிஷ் ஒரு வரிசை வடிவங்களை வைத்திருக்கிறது. அடித்துச் சொல்லாமல், ஆசையாகவோ சந்தேகமாகவோ மனசுக்குள் மட்டும் ஓடும் காரியத்துக்கு இன்னொரு வரிசை. 'யுவேவே' என்றால் மழை பெய்கிறது, நனைந்துகொண்டே சொல்லலாம். 'புவேதே கே யுவேவா' என்றால் மழை பெய்யலாம். மழை வானத்திலோ என் எண்ணத்திலோ இருக்கிறது, தரைக்கு வரவில்லை. கடைசி உயிர் இடம் மாறுவதுதான் அடையாளம். ஆர் என்று முடியும் வினைகள் 'ஏ' பக்கம் தாவும்; ஏர், ஈர் என்று முடிபவை 'ஆ' பக்கம் தாவும்.

இதற்கு நேரான வடிவம் தமிழில் இல்லை. கிட்டத்தட்ட வரக்கூடிய உறவு 'வரட்டும்' என்பது. அவன் வருகிறான் என்று அது சொல்வதில்லை, வருவதற்கு வழி விடுகிறது. 'கே வேங்கா' என்று ஸ்பானிஷ்காரர் தனியாகச் சொன்னால் அது நம் 'வரட்டும்'தான். அந்த வேங்காவே புவேதேயின் பின்னால் வந்து நிற்கிறது என்று பழகிக்கொள்ள வேண்டும். குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. நிறையக் கேட்டு, நிறையத் தப்பாகச் சொல்லி, ஒருநாள் வாய் தானாகத் திரும்பும்.

ஆனால் மேட்டின் ஓரங்களில் நிழல் உண்டு. 'ஒருவேளை' என்கிறோம், ஒரு வேளை, ஒரு பொழுது. அவர்கள் 'தால் வேஸ்' என்கிறார்கள். வேஸ் என்றால் தடவை, வேளை. அப்படி ஒரு வேளை. 'கிஸாஸ்' என்ற இன்னொரு சொல்லும் அதே பொருளில் வரும். அதைத் தோண்டினால் உள்ளே நம் பழைய ஸபேர் கிடைக்கும்: 'யாருக்குத் தெரியும்' என்பதன் பழைய வடிவம் தேய்ந்து இப்படி ஆனது. 'யார் கண்டது' என்று நாம் சொல்வதை அவர்கள் உருட்டி உருட்டி ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். கிஸாவா கிஸாஸா என்று குழம்ப வேண்டாம், இரண்டும் சரி.

கிஸாஸுக்குப் பின்னால் இரண்டு வரிசை வடிவங்களும் வரலாம். 'கிஸாஸ் வேங்கா' என்றால் வந்தாலும் வரலாம். 'கிஸாஸ் வியேனே' என்றால் நம்பிக்கை கொஞ்சம் கூடுதல், வந்தாலும் வருவான். வினையை முதலில் சொல்லிவிட்டுக் கிஸாஸைக் கடைசியில் ஒட்டினால் மட்டும் வியேனேதான். சொல்லி முடித்த பிறகு சந்தேகப்பட்டு என்ன? 'ஆ லோ மெஹோர்' என்று ஒன்று இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மிக நல்லதில்'. பொருளோ வெறும் 'ஒருவேளை'. கெட்ட சேதிக்கும் கூசாமல் வரும்: மிக நல்லதில், பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறான். இதன் பின்னால் எப்போதும் வியேனே வகைதான். மேடு ஏறத் தெம்பில்லாத முதல் வருடத்தில் இதைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம். நான் ஓட்டினேன்.

அர்ஹெந்தீனா, உருகுவாய் பக்கம் 'கப்பாஸ் கே' என்பார்கள். கப்பாஸ் என்றால் திறமுள்ள, ஆற்றலுள்ள. அது எப்படி 'ஒருவேளை' ஆயிற்று? நம் கூடும் என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் புரியும். 'என்னால் கூடும்' என்றால் ஆற்றல், 'வரக்கூடும்' என்றால் சாத்தியம். ஆற்றலைச் சொல்லும் சொற்கள் எல்லா ஊரிலும் மெல்லச் சாத்தியத்தின் பக்கம் சாய்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அதே கூடும் எதிர்மறையானால் 'கூடாது', ஒரு தடை. போக முடியாது, போகக் கூடாது, போகாமல் இருக்கலாம் என்று நாம் மூன்றாகப் பிரிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் முதலாவதை 'ஏலாது' என்பார்கள். ஸ்பானிஷில் இந்தச் செல்வம் இல்லை. 'நோ புவேதெஸ் ஈர்' என்பதே முடியாதுக்கும் கூடாதுக்கும். மூன்றாவதைச் சொல்ல 'நோ'வை நகர்த்தினால் போதும். 'நோ புவேதே வெனீர்' என்றால் அவனால் வர முடியாது. 'புவேதே நோ வெனீர்' என்றால் வராமல் இருக்கலாம். ஒரு சின்ன 'நோ' உட்காரும் இடம் மாறினால் கல்யாணப் பந்தியில் இலை எண்ணிக்கையே மாறிவிடும்.

ஆளே இல்லாத ஒரு புவேதேயும் உண்டு, 'ஸே புவேதே'. கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டி 'ஸே புவேதே?' என்றால் உள்ளே வரலாமா என்று பொருள். 'நோ ஸே புவேதே ஃபுமார்' என்றால் இங்கே புகைக்கக் கூடாது. 1972-ல் அமெரிக்காவின் அரிஸோனாவில், பண்ணைத் தொழிலாளர்களைக் கட்டிப்போடும் ஒரு சட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் தலைவர் ஸெஸார் சாவெஸ் உண்ணாவிரதம் இருந்தார். இங்கே ஒன்றும் நடக்காது, 'நோ ஸே புவேதே' என்று உள்ளூர்க்காரர்கள் கையை விரித்தபோது, அவருடைய தோழர் தொலோரெஸ் வெர்த்தா 'ஸீ, ஸே புவேதே' என்று திருப்பிச் சொன்னார். அதுவே இயக்கத்தின் முழக்கமாயிற்று. 2008 தேர்தலில் ஒபாமா ஆங்கிலத்தில் முழங்கிய 'யெஸ் வீ கேன்' இதன் வழி வந்ததுதான். 2012-ல் வெர்த்தாவுக்கு அதிபர் விருது அணிவித்தபோது, முழக்கத்தைத் தாம் திருடிக்கொண்டதை ஒபாமாவே வேடிக்கையாக ஒப்புக்கொண்டார்.

ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த முழக்கத்துக்குள் ஒரு 'நாம்' நுழைந்துவிட்டது. வெர்த்தா சொன்னதில் 'நாம்' இல்லை, 'நான்' இல்லை, யாருமே இல்லை. முடியும், அவ்வளவுதான். தமிழில் அதை மொழிபெயர்க்க ஒரு சொல்லைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 'நாம்' வேண்டுமென்றால் ஸ்பெயினில் 2014-ல் தொடங்கிய கட்சியின் பெயரைப் பார்க்கலாம்: போதேமோஸ். நம்மால் முடியும்.

டீ ஆறிப் போயிருந்தது. அவள் நோட்டில் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு 'ஸே நதார்' என்று எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து முறைத்தாள். “ஆறு மாசமா இங்கிலீஷ்ல போட்டுக் குழப்பிக்கிட்டிருக்கேன். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மாமா?”

சொல்லியிருக்கலாம் என்பதில் சாத்தியமும் இருக்கிறது, குத்தலும் இருக்கிறது. உன்னால் முடிந்தது, நீ செய்யவில்லை. அதற்கும் அவர்களிடம் அளவெடுத்துத் தைத்த சட்டை உண்டு. போதீயாவையே எடுத்துக் குத்துவார்கள், சாவியை வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருந்தவனைச் சொல்லும் அதே போதீயா.

“போதீயாஸ் ஆபெர்மெலோ தீச்சோ” என்றேன். “எழுதிக்கோ.”

எழுதினாள். எழுதிவிட்டு, காலி டம்ளரை என் பக்கம் தள்ளி, “மே போனெஸ் ஓத்ரோ?” என்றாள்.